சத்துருவின் குரலைப் பிரித்தறிந்து எதிர்ப்பது எப்படி?

பிசாசு என்றதும் பலருக்கு அலறலும் ஆட்டமும்தான் நினைவுக்கு வரும். வேதம் அவனுக்குக் கொடுக்கும் பெயர்களைப் பாருங்கள்: பொய்க்குப் பிதா (யோவான் 8:44), சோதனைக்காரன் (மத்தேயு 4:3), சகோதரர்மேல் குற்றஞ்சாட்டுபவன் (வெளி. 12:10). மூன்றுமே பேச்சை வைத்துச் செய்கிற வேலை. அதனால் உங்கள் மனதில் ஓடும் பேச்சைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பாவத்துக்கு முன்னால் "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கேட்பவனும், பின்னால் "இனி உனக்கு மன்னிப்பே இல்லை" என்று மிரட்டுபவனும் ஒருவனே. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி தந்திரம் வெளுத்துவிடும்.

முன்னால் வரும் பேச்சு பெரும்பாலும் கேள்வியாகத்தான் வரும். "தோட்டத்திலுள்ள சகல விருட்சங்களின் கனியையும் புசிக்கவேண்டாம்" என்று தேவன் சொன்னாரா என்று சர்ப்பம் கேட்டது (ஆதி. 3:1). அவர் விலக்கியது ஒரே ஒரு மரத்தை. மற்றதையெல்லாம் தாராளமாகக் கொடுத்திருந்தார். கொடுத்ததை மறைத்து, விலக்கியதைப் பெரிதாகக் காட்டுவது அவனுடைய பழைய வேலை. ஏவாள் பேச்சுக்குப் பேச்சு பதில் சொன்னாள். "தொடவும் வேண்டாம்" என்று தேவன் சொல்லாததையும் சேர்த்துக்கொண்டாள். வசனம் அரைகுறையாகத் தெரிந்திருந்தால் இந்த இடத்தில்தான் சறுக்கும்.

அவனும் வசனம் பேசுவான். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவிடம் சங்கீதம் 91-ஐச் சொன்னான். 11-ஆம் வசனத்திலுள்ள "உன் வழிகளிலெல்லாம்" என்பதை விட்டுவிட்டான். 12-ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொண்டான். அடுத்த வசனம் வலுசர்ப்பத்தை மிதிப்பதைப் பற்றியது! யாராவது ஒரு வசனத்தைக் காட்டி உங்களை அவசரப்படுத்தினால், அதற்கு முன்னும் பின்னும் ஐந்து வசனங்களைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். "நாலு நம்பர் அடித்தால் தசமபாகம் தருகிறேன் ஆண்டவரே" என்று ஜெபித்துவிட்டு லாட்டரிச் சீட்டு வாங்குவதும் உப்பரிகையிலிருந்து குதிப்பதுதான். விசுவாசம்போலத் தெரியும், ஆனால் அது தேவனைப் பரீட்சை பார்ப்பது.

இயேசு எதிர்த்த விதத்தை அப்படியே பின்பற்றலாம். மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து வந்தவை (8:3, 6:16, 6:13). மூன்றும் ஒற்றை வரி. விவாதம் இல்லை. நீங்களும் உங்களை அடிக்கடி வீழ்த்தும் ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு இரண்டு வசனங்களை மனப்பாடம் செய்யுங்கள். இருபது வேண்டாம், நெருக்கத்தில் ஒன்றும் வாயில் வராது. பண ஆசைக்கு எபிரெயர் 13:5, பயத்துக்கு ஏசாயா 41:10, கோபத்துக்கு யாக்கோபு 1:19-20 என்று தொடங்கலாம். நினைவு வந்த உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டிருந்தால் உதடு அசைந்தாலே போதும். சொல்லிவிட்டு அந்த இடத்தைவிட்டு நகர்ந்து வேறு வேலையில் கைவையுங்கள். சொல்லிவிட்டு அதே நினைவோடு உட்கார்ந்திருந்தால் வசனம் வெறும் மந்திரமாகிப்போகும்.

இது பலிக்காமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. யாக்கோபு 4:7 முதலில் "தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்" என்கிறது. "பிசாசுக்கு எதிர்த்துநில்லுங்கள்" என்பது அதற்குப் பிறகு. முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் உரக்கச் சொல்வதில் பயனில்லை. பிசாசைத் துரத்தப் போன ஸ்கேவா என்ற ஆசாரியனின் ஏழு குமாரரும் இயேசுவின் பெயரைத்தான் சொன்னார்கள், காயப்பட்டு, நிருவாணமாய் ஓடினார்கள் (அப். 19:13-16).

இச்சையின் காரியத்தில் நின்று எதிர்க்க முயலாதீர்கள். வேதம் அங்கே ஓடச் சொல்கிறது (1 கொரி. 6:18, 2 தீமோ. 2:22). எஜமானின் மனைவி பிடித்திழுத்தபோது யோசேப்பு வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். இரவு வேலை முடிந்து தங்கும் விடுதிக்கு வந்து, மேல் கட்டிலில் தனியாகக் கைத்தொலைபேசியோடு படுக்கிற தம்பிக்கு ஓடுவது என்றால் என்ன? மின்னூட்டும் கம்பியைக் கட்டிலுக்கு எட்டாத இடத்தில் வைப்பது. படுக்கும் முன் ஊரிலுள்ள மனைவியிடமோ அம்மாவிடமோ பேசிவிட்டுத் தொலைபேசியை அங்கேயே விடுவது. சூதாட்டக்கூடம் இழுக்கிறதென்றால், உள்ளே விடாதவர்கள் பட்டியலில் உங்கள் பெயரை நீங்களே பதியலாம். சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்டித்தான் நுழைய வேண்டும். அதையும் கட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டணத்தைவிடத் தடை வலுவானது.

இனி பின்னால் வரும் பேச்சு. விசுவாசிகள் அதிகம் சேதப்படுவது இங்கேதான் என்பது எங்கள் உறுதியான எண்ணம், ஏனென்றால் இது ஆவியானவரின் கண்டிப்பைப் போலவே ஒலிக்கும். ஒரு தாளில் அந்தக் குற்ற உணர்வை ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். "நேற்று மாலை மாமியாரிடம் பொய் சொன்னேன்" என்று எழுத முடிந்தால், அது பெரும்பாலும் ஆவியானவர் உணர்த்துவது. எந்தச் செயல், யாரிடம், இனி என்ன செய்ய வேண்டும் என்பது அதில் தெளிவாக இருக்கும். "நான் எதற்கும் லாயக்கில்லாதவள்" என்று மட்டுமே எழுத வந்தால், அதில் அறிக்கையிட ஒரு செயலும் இல்லை, திருத்த வழியும் இல்லை. அது குற்றஞ்சாட்டுபவனுடைய குரல்.

முதல் வகைக்கு அன்றே அறிக்கையிடுங்கள் (1 யோவான் 1:9), சம்பந்தப்பட்டவரிடம் போய்ச் சரிசெய்யுங்கள். அதே பாவம் மறுபடி நினைவுக்கு வந்தால் மறுபடி மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை; ரோமர் 8:1-ஐச் சொல்லி நன்றி செலுத்துங்கள். இரண்டாம் வகைக்கு மருந்து, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்வது (யாக். 5:16). ஆண்கள் ஆண்களிடமும் பெண்கள் பெண்களிடமும் பேசுவது நல்லது; கேட்டதைச் சபைக்குள் பரப்பாதவராக இருக்க வேண்டும். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் அவரை மறுதலித்த பேதுருவும் ஒரே இரவில் விழுந்தவர்கள். யூதாஸ் தன் பாவத்தைப் பிரதான ஆசாரியரிடம் சொன்னான். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்றார்கள். அவன் தனியாகப் போனான். பேதுருவோ மற்றச் சீஷர்களோடு இருந்தான். எனவே "இந்த ஞாயிறு ஆராதனைக்குப் போக வேண்டாம், எந்த முகத்தோடு போவது?" என்று தோன்றும் வாரத்தில்தான் கட்டாயம் போக வேண்டும்.

கசப்பும் அவனுக்குத் திறந்த கதவு. மன்னிப்பைப் பற்றிப் பேசும்போதும் பவுல் சாத்தானின் தந்திரங்களை எச்சரிக்கிறார் (2 கொரி. 2:10-11). ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் யாரோ எழுதியது சுட்டால் அங்கே பதில் எழுதாதீர்கள். பொழுது சாய்வதற்குள் அவரை அழைத்து, நீங்களும் அவரும் மட்டும் பேசுங்கள் (மத். 18:15, எபே. 4:26-27).

எல்லாவற்றையும் பிசாசின் தலையில் போடவும் கூடாது. சாக விரும்பிச் சூரைச்செடியின்கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவன் முதலில் கொடுத்தது பிரசங்கம் அல்ல, தூக்கமும், தழலில் சுட்ட அடையும், தண்ணீரும், அதுவும் இரண்டு தடவை (1 இரா. 19:5-8). வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் ஜெபத்தோடு பலதுறை மருந்தகத்துக்கும் போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் சிங்கப்பூரில் 1767 என்ற உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். "மாத்திரையை நிறுத்து, விசுவாசம் போதும்" என்று யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். அந்த முடிவு மருத்துவருடையது. உங்கள் ஐக்கியத்தில் ஒருவர் இப்படித் தவித்தால், மருத்துவருடனான அடுத்த சந்திப்பு நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று அவரோடு மருந்தகத்துக்குத் துணைக்குப் போங்கள்.