பாட்டில் டெபாசிட் திட்டம்: பணத்தைக் கண்காணிப்பது எப்படி?

பாட்டிலையோ கேனையோ விற்கும்போது கூடுதலாக வாங்கி, காலியாகத் திருப்பித் தரும்போது கொடுத்துவிடும் பணம்தான் டெபாசிட். இந்தப் பணத்துக்கு முதல் நாளே தனி வங்கிக் கணக்கு திறந்துவிடுங்கள். நடத்தும் அமைப்பின் சம்பளமும் லாரி வாடகையும் அதில் கலக்கவே கூடாது.

செலவுக்கு வழி மூன்று: தயாரிப்பாளர் கட்டும் கட்டணம், சேர்ந்த அலுமினியத்தையும் பிளாஸ்டிக்கையும் விற்ற காசு, திரும்பி வராத பாட்டில்களின் டெபாசிட். மூன்றாவதில்தான் வில்லங்கம். 100 பாட்டிலில் 70 திரும்பினால் 30 டெபாசிட் மிஞ்சும். 90 திரும்பினால் வெறும் 10. திட்டம் நன்றாக ஓட ஓட இந்த வருமானம் வற்றும், எனவே தயாரிப்பாளர் கட்டணத்தை ஆண்டுதோறும் திருத்துங்கள். மிச்சத்தை லாபமாக எடுக்க விட்டால், பாட்டில் வராததே நடத்துபவருக்கு ஆதாயம்! உரிமத்திலேயே திரும்பும் இலக்கும் அபராதமும் இருக்கட்டும்.

பார்கோடு வாரியாக விற்றது, திரும்பியது, கொடுத்த பணம் மூன்றையும் மாதந்தோறும் ஒப்பிடுங்கள். எண்ணிய கேனை, திரும்ப வாங்கும் இயந்திரம் உடனே நசுக்காவிட்டால் அதே கேன் மறுபடி வரும். கடைக்காரர் கையால் வாங்கியவற்றை எண்ணிட்ட சீல் பையில் அனுப்பச் சொல்லி, மையத்தில் மறுபடி எண்ணுங்கள்.