வலிக்காத கட்டியும் நாம் கடத்தும் மாதங்களும்

பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி இருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது ரவிக்கை இறுக்குகிறது என்றார். அக்கா தொட்டுப் பார்த்தாள். கொட்டைப்பாக்கு அளவுக்கு இருந்தது. "வலியே இல்லடி, வலிச்சா சொல்ல மாட்டேனா?" முதலில் கையில் தட்டுப்பட்டது பொங்கல் சமயத்தில். அக்கா தொட்டுப் பார்த்தபோது ஆனி மாதம்.

வலி இல்லையே என்று நிம்மதியாக இருப்பதுதான் முதல் தவறு. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. இந்தியாவில் 2022-இல் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்தது, ஏறக்குறைய 98 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள் என்பது பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீடு. சீக்கிரம் டாக்டரிடம் வந்தால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய நோய் இது. அதில் இத்தனை சாவு என்றால், முக்கியக் காரணம் பெரியம்மா மாதிரி ஆனி வரை காத்திருப்பதுதான்.

அடுத்தது, வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசியதும் வரும் வாக்கியம்: "கத்தி பட்டா பரவிடும்." எங்கள் வீட்டில் இதற்காகவே இன்னும் மூன்று வாரம் போனது. இந்த பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் புரியும். முற்றிய நிலையில் வருகிறவருக்குச் சதை எடுத்துப் பார்ப்பார்கள், சில மாதத்தில் இறந்துபோவார். பழி கத்தி மேல் விழும். மார்பிலோ வாயிலோ ஊசியால் சிறு துணுக்கு எடுப்பதால் நோய் பரவுவதில்லை. அந்தத் துணுக்கு இல்லாமல் எந்த மருந்து கேட்கும் என்றே டாக்டரால் சொல்ல முடியாது. மார்பகக் கட்டியில் ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 என்ற புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் சிகிச்சையை முடிவு செய்கிறார்கள்.

கத்தியில் நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. "சாதாரணக் கொழுப்புக் கட்டிதான்" என்று சின்ன கிளினிக்கில் அறுத்து, எடுத்ததைக் குப்பையில் போட்டுவிடுவது. எந்தக் கட்டியை எடுத்தாலும் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். அறிக்கை மட்டும் போதாது. அந்தச் சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். கேரம் காயைவிடச் சின்னதாக, ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியிருக்கும். பிளாக் என்பார்கள். அதையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அடுத்த ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான். இல்லையென்றால் திரும்ப ஒரு ஊசி, திரும்ப இரண்டு வாரம். வெயிலில் நிற்கும் பைக் பெட்டிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், மெழுகு உருகும்.

முள்சீத்தாப்பழம் புற்றுநோய்க்கு மருந்து என்று வாட்ஸப்பில் வருவதைப் படித்துவிட்டு எங்கள் மாமா ஒருவர் கூடை நிறைய வாங்கி வந்தார். பழம் நன்றாகத்தான் இருந்தது, அவ்வளவுதான். சித்த மருந்தோ கஷாயமோ எடுத்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சில மருந்துகள் ஈரலைப் பாதிக்கும், கீமோ நடக்கும்போது அது பெரிய சிக்கல்.

கடலூரில் யாருக்குக் கேன்சர் வந்தாலும் "எல்லாம் சிப்காட் காத்து" என்று முடித்துவிடுகிறோம். ஆலைகளை ஒட்டி வாழும் குடிகாடு, ஈச்சங்காடு மக்களுக்கு அந்தக் காற்றின் மேல் கோபப்படக் காரணம் நிறைய உண்டு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கன்னத்தில் ஹான்ஸ் புகையிலையை அடக்கிக்கொண்டு ஒருவர் இதைச் சொல்லும்போதுதான் இடிக்கிறது. இந்தியாவில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். 2016-17 கணக்குப்படி நம் நாட்டில் பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார்கள். குட்காவைத் தமிழ்நாடு 2013-இல் தடை செய்தது. எந்தப் பெட்டிக்கடையில் கிடைக்கும் என்று வேண்டியவர்களுக்குத் தெரியும். "நான் வெறும் பாக்குதான்" என்பவர்களும் தப்பவில்லை. புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-இலேயே வகைப்படுத்திவிட்டார்கள். ஒரு சின்ன சோதனை: மூன்று விரலை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழையுங்கள். நுழையவில்லை என்றாலோ, மூன்று வாரம் ஆறாத புண் இருந்தாலோ, கன்னத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலோ பல் டாக்டரிடமாவது காட்டுங்கள். பி காம்ப்ளக்ஸ் மாத்திரையிலேயே மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

பெண்கள் செய்யும் தவறு, பிள்ளை பெற்று முடித்தாயிற்று, இனி அங்கே என்ன பரிசோதனை என்று ஒதுங்குவது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர் மாதிரியான ஒன்று, தடவிப் பார்ப்பார்கள். மாறத் தொடங்கிய இடம் வெளுத்துத் தெரியும். சில நிமிட வேலை. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இதைச் செய்து பார்த்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண்பிள்ளை இருந்தால் இந்தப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி பற்றியும் அங்கேயே கேளுங்கள். ஊசி போட்டால் குழந்தை பிறக்காது என்பதெல்லாம் வதந்தி.

அப்புறம், இந்தப் பகுதிக்கே உரிய குழப்பம் ஒன்று. பாகூர்க்காரருக்குக் கடலூர் கூப்பிடு தூரம், ஆனால் அவர் புதுச்சேரிக்காரர். கடலூர்க்காரர் கோரிமேடு ஜிப்மருக்கு பஸ் ஏறுகிறார், கையில் இருப்பது தமிழக முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. எந்த அட்டை எங்கே, எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு அசலையும் நகலையும் ஒரே பையில் வையுங்கள். நாங்கள் ஒரு நகலுக்காக ஒரு நாளை இழந்தோம்.

கரன்ட், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வைக்க ஆரம்பித்தால் பல வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை தினம் போக வேண்டியிருக்கும். பாதியில் "தேவலாம்" என்று நிறுத்துவது எத்தனையோ பேரைக் கெடுத்திருக்கிறது; இடைவெளி விட்டால் நோய் மீண்டும் தலையெடுக்கலாம். தோலில் மையால் போட்ட கோட்டைச் சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள், கதிர் எங்கே விழ வேண்டும் என்பதற்கான குறி அது. பெரியம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, திங்கள்கிழமை டெக்னீஷியனிடம் திட்டு வாங்கினார்.

சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் ரயிலில் முழுக்காசு கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரி கொடுக்கும் சான்றிதழைக் காட்டினால் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணமே இல்லை, கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. நாங்கள் இதைத் தெரிந்துகொண்டது நான்காவது பயணத்தில், பக்கத்து சீட்டுக்காரர் சொல்லி.