குறைமாதக் குழந்தையின் நுரையீரலும் சாம்பிராணித் தணலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், 26 வாரத்தில் பிறந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது புதிதாகச் சேர்ந்த சிஸ்டர் தாயிடம் சொன்னார்: "புகை, தூசி படாமப் பாத்துக்கங்கம்மா." தாயும் தலையாட்டினார். இருபது வருடத்துக்கு முன்பு நானும் இதே வார்த்தைகளைத்தான் சொல்லி அனுப்பினேன். கை கழுவுவது, சளி பிடித்தவரைக் கிட்டே விடாமல் இருப்பது எல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

28 வாரத்துக்கு முன்பு பிறக்கும் குழந்தைக்கு நுரையீரலின் காற்றறைகள் உருவாகி முடிந்திருக்காது. உயிரைக் காக்கும் வென்டிலேட்டரும் ஆக்ஸிஜனுமே அந்த இளம் நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். பிறந்து 28 நாள் தாண்டியும் ஆக்ஸிஜன் தேவைப்பட்டால் பிபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் நோய் என்கிறோம். கருவில் இருந்த வாரங்களையும் சேர்த்து 36 வாரம் ஆகும்போது எவ்வளவு ஆக்ஸிஜன் தேவைப்படுகிறது என்பதை வைத்து அதன் கடுமையைச் சொல்வோம். முதல் இரண்டு வருடத்தில் புதுக் காற்றறைகள் நிறைய முளைக்கும். அந்தக் காலத்தில் படும் ஒவ்வொரு புகையும் நட்டம்.

"புகை ஆகாது" என்று மட்டும் சொல்லி அனுப்புவது

தேவகோட்டைப் பக்கம் ஒரு வீடு. குழந்தை வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் போன் வந்தது, ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனைக் காட்டும் ஆக்ஸிமீட்டர் 84-க்கு இறங்கிவிட்டது என்று. "புகை ஏதும் பட்டுச்சா?" என்றேன். "எங்க வீட்ல யாரும் பீடி சிகரெட் தொடமாட்டாங்க சிஸ்டர்" என்றார் தகப்பன். இரவு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். கையில் வாங்கியதும் தலைமுடியில் சாம்பிராணி மணத்தது.

குளிப்பாட்டிய கையோடு, காற்றுப் படக்கூடாதென்று வளவை (வீட்டின் உள்முற்றத்தை) ஒட்டிய அறையில் கதவைச் சாத்தி, தூபக்காலில் தணல் போட்டு, சாம்பிராணி தூவித் தலைமுடியைக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கனத்த சுவர் அறையில் ஜன்னலே இல்லை. மறுபடி பதினோரு நாள் வார்டில். அப்பத்தா வாசலில் உட்கார்ந்து அழுதார்: "அஞ்சு பிள்ளைய இப்படித்தானே வளத்தேன். வேணாம்னு ஒரு வார்த்தை யாரும் சொல்லலையே." அவர் சொன்னது நியாயம். அவருக்குச் சாம்பிராணி புகையே இல்லை, மருந்து. அதைப் பெயர் சொல்லித் தடுக்காதது என் தவறு. இன்னமும் அதே பொதுவான வார்த்தைகள் காதில் விழும்போது எரிச்சல் வருகிறது.

இன்னொன்று, இந்தக் குழந்தைகள் பலரும் மூக்குக் குழாயில் ஆக்ஸிஜனோடு வீட்டுக்குப் போகிறவர்கள். ஆக்ஸிஜன் தானாக எரியாது. ஆனால் சின்னப் பொறியையும் பெருநெருப்பாக்கும். அந்த அறையில் தணல், குத்துவிளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது. கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை. தலையைப் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தாலே காய்ந்துவிடும்.

இப்போதெல்லாம் குழந்தையைக் குளிப்பாட்டப் போகிறவரை வரச்சொல்லாமல் நான் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. "குளிப்பாட்டி முடிச்சதும் என்ன செய்வீங்க ஆச்சி?" என்று கேட்டுவிட்டு, சாம்பிராணி என்ற சொல் அவர் வாயிலிருந்து வரும்வரை காத்திருப்பேன். அப்புறம்தான் மற்றதைப் பேசுவேன்.

மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது

கூடவே கூடாது. நுரையீரலுக்குள் போன எண்ணெயைத் திரும்ப எடுக்க முடியாது.

ஆக்ஸிஜனைத் தாங்களே நிறுத்துவது

"நிறம் நல்லாத்தானே இருக்கு" என்று, உறவினர் வரும் நேரத்தில் குழாயைக் கழற்றிவிடுகிறார்கள். விழித்திருக்கும்போது சரியாக இருக்கும் ரத்த ஆக்ஸிஜன் அளவு, தூக்கத்திலும் பால் குடிக்கும்போதும் இறங்கும். அப்படி அடிக்கடி இறங்கினால் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகும். எடை ஏறுவதும் நின்றுவிடும். மூச்சு விடவே கூடுதல் சக்தி செலவழிக்கும் குழந்தை அது. நீங்களாகக் குழாயில் வரும் ஆக்ஸிஜனைக் கூட்டுவதும் தவறுதான். குறைப்பதும் நிறுத்துவதும், தூங்கும்போது எடுத்த அளவுகளைப் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டியது.

தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது

பிறந்த தேதிதான் கணக்கு, பிறந்திருக்க வேண்டிய தேதி அல்ல. ஆறு மாதம் ஆனதும் ஃப்ளூ ஊசியையும் கேட்டு வாங்குங்கள்.