கன்ட்ரோலர் ஆட்-ஆனை நம்பி இறங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் அருகே டோங்காட், வெருலம் பக்கம் வீட்டு வாசலில் நின்று கிங் ஷாகா விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகள், கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதலில் ஓட்டிப் பார்ப்பது அதே இறக்கத்தைத்தான். கொஞ்ச நாளில் கன்ட்ரோலர் (தரையிலிருந்து விமானங்களுக்கு வழிசொல்பவர்) குரலுக்காக ஒரு ஆட்-ஆன் (சிமுலேட்டரோடு சேர்ந்து ஓடும் துணை நிரல்) வாங்குகிறார்கள். அப்புறம் வருகிற கேள்வி அநேகமாக ஒன்றேதான்: "அது சொன்னதையெல்லாம் செய்தேன், ஏன் ரன்வே கிடைக்கவில்லை?"

ஓட்டத் தெரியாததால் வருகிற பிரச்சினை இல்லை இது. சிமுலேட்டர் ஒரு தகவலை வைத்திருக்கும், விமானத்தின் கணினி இன்னொன்றை, ஆட்-ஆன் வேறொன்றை. கையிலிருக்கும் சார்ட் (விமான நிலையத்துக்கு இறங்கும் வழிக்கான வரைபடம்) இந்த மூன்றுக்கும் ஒத்துப்போகாது. இவற்றை ஒன்றாக்காமல் கிளம்புவதுதான் மற்ற எல்லாத் தவறுக்கும் தாய்.

இதற்கு டர்பனையே உதாரணமாக எடுக்கலாம். கிங் ஷாகா விமான நிலையம் லா மெர்சியில் 2010 மே 1 அன்று திறந்தது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் வந்தது 2006இல். ஆகவே அதை இன்னும் ஓட்டுகிறவர்களுக்கு, தனியாக சீனரி (ஓர் இடத்தைச் சிமுலேட்டரில் சேர்க்கும் கோப்பு) போடாதவரை, டர்பன் என்றால் மெர்பேங்க், இசிபிங்கோ பக்கம் இருந்த பழைய விமான நிலையம்தான். சிமுலேட்டரின் பட்டியலை வாசித்து வேலை செய்யும் ஆட்-ஆனிடம் கிங் ஷாகாவின் குறியீடான எஃப்.ஏ.எல்.இ. என்று திட்டம் கொடுத்தால், அப்படி ஓர் இடமே அதற்குத் தெரியாது. முதலில் சீனரியைப் போடுங்கள். பிறகு ஆட்-ஆனுக்குள் விமான நிலையப் பட்டியலைப் புதுப்பிக்கும் பொத்தானைத் தேடி அழுத்துங்கள். சீனரியைப் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்துப் பலர் இந்த இரண்டாவது வேலையை விட்டுவிடுகிறார்கள்.

புது சிமுலேட்டரிலும் இதே சிக்கல் வேறு உருவில் வரும். வழித்தடத் தகவல்கள் உலகம் முழுக்க 28 நாளுக்கு ஒருமுறை மாறுகின்றன. இந்தச் சுற்றுக்கு ஏராக் என்று பெயர். விமானத்தின் கணினியான எஃப்.எம்.சி.யில் புது ஏராக், ஆட்-ஆனில் போன வருடத்து ஏராக் என்று இருந்தால், கன்ட்ரோலர் சொல்லும் புள்ளி உங்கள் பெட்டியில் இருக்காது. தனியாகப் பறக்கிறவர்களுக்கு என் ஆலோசனை இது: எல்லாம் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரே பழசாக இருக்கட்டும். வாட்சிம் போன்ற இணைய வலைப்பின்னலில் பறந்தால் கதை வேறு. அங்கே எதிரில் இருப்பவர் மனிதர், அவர் கையில் இருப்பது நடப்புச் சார்ட்.

அடுத்தது வடக்கு. தென்னாப்பிரிக்காவில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையிலான வித்தியாசம் பெரிது. டர்பனில் ஏறக்குறைய 25 பாகை மேற்கு. விமான நிலைய வானிலை அறிக்கையான மெட்டாரில் காற்றின் திசை உண்மை வடக்கை வைத்து எழுதப்படுகிறது. டவர் சொல்லும் காற்றும் ரன்வே எண்ணும் காந்த வடக்கை வைத்து வருகின்றன. மெட்டாரில் 040 என்று பார்த்துவிட்டு, ரன்வே 06க்கு (அதன் திசை 060) 20 பாகை பக்கவாட்டுக் காற்று என்று கணக்குப் போட்டால் தப்பு. 25ஐக் கூட்டினால் 065. காற்று கிட்டத்தட்ட நேராக மூக்கில் அடிக்கிறது. வித்தியாசம் சிறிதாக உள்ள நாடுகளில் இதை மறந்தாலும் தெரியாது, இங்கே உடனே தெரிந்துவிடும்.

உயரமானியின் அழுத்த அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மேகத்துக்குள் தரையில் மோதும் இறக்கங்கள் பல இங்கேதான் தொடங்குகின்றன. பயண உயரத்தில் எல்லோரும் 1013 ஹெக்டோபாஸ்கல் வைத்துப் பறக்கிறோம். இறங்கும்போது உள்ளூர் க்யூ.என்.எச்.க்கு (கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட அந்த இடத்துக் காற்றழுத்தம்) மாற்ற வேண்டும். அமெரிக்காவில் இந்த மாற்றம் 18,000 அடியில். பல நிரல்கள் அந்த எண்ணையே உலகம் முழுக்க வைத்துக்கொள்கின்றன. நம் நாட்டில் அது அதைவிட மிகவும் தாழ்வு, ஒவ்வொரு விமான நிலையச் சார்ட்டிலும் அச்சாகியிருக்கும். ஆட்-ஆனின் அமைப்புப் பக்கத்தில் மாற்ற வழி இருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அது மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள். கடலோரத்தில் காற்றழுத்தம் இறங்கி க்யூ.என்.எச். 1003 ஆக இருக்கிறது, நீங்கள் இன்னும் 1013இல் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 28 அடி. ஆக, கருவி காட்டுவதைவிட நீங்கள் 280 அடி கீழே இருக்கிறீர்கள். முதல் வகை ஐ.எல்.எஸ்.ஸில் (ரேடியோ அலையால் ரன்வேக்கு வழிகாட்டும் முறை) தரையிலிருந்து 200 அடி வரை ரன்வேயைப் பார்க்காமல் இறங்க அனுமதி உண்டு. 200இலிருந்து 280ஐக் கழித்துப் பாருங்கள்.

உயரம் என்றதும் மலை. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரும்போது சில ஆட்-ஆன்கள் வெகு முன்னதாகவே "5,000 அடிக்கு இறங்குங்கள்" என்று சொல்லிவிடும். கடலோரத்துக்கு அது நல்ல உயரம். ஆனால் மூயி ரிவர் பக்கம் தரையே ஏறக்குறைய 4,500 அடி, அதற்கு மேற்கே டிராக்கன்ஸ்பெர்க் 11,000 அடியைத் தாண்டுகிறது. நிஜக் கன்ட்ரோலரின் ரேடாரில் எந்தப் பகுதியில் எவ்வளவு தாழலாம் என்ற வரைபடம் இருக்கும். ஆட்-ஆனில் அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சார்ட்டில் 25 கடல் மைல் வட்டத்துக்குள் எழுதியிருக்கும் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்தைப் பாருங்கள். அந்த வட்டத்துக்கு வெளியே வழித்தடச் சார்ட்டைப் பாருங்கள். அதற்குக் கீழே போகச் சொன்னால் "அனேபிள்" (முடியாது) என்று சொல்லுங்கள். பல ஆட்-ஆன்கள் இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ளும், புரியாவிட்டாலும் நீங்கள் இறங்க வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான சிக்கல், ஆட்-ஆன் உங்களை உயரத்திலேயே மறந்து விட்டுவிடுவது. மூன்று பாகைச் சரிவில் ஒரு கடல் மைலுக்கு ஏறக்குறைய 320 அடி. கிங் ஷாகா கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 அடி. எனவே ரன்வேயிலிருந்து 10 மைலில் நீங்கள் 3,500 அடியில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் 6,000 அடியில் இருந்துகொண்டு "ஐ.எல்.எஸ். அப்ரோச்சுக்கு அனுமதி" என்று காதில் விழுந்ததும் மூக்கைக் குத்திக் கிளைடு ஸ்லோப்பை (ஐ.எல்.எஸ். காட்டும் இறக்கச் சரிவு) மேலிருந்து துரத்துவதுதான் நான் பார்க்கும் மிகப் பொதுவான தவறு. வேகம் ஏறும், இறக்கையில் உள்ள ஃபிளாப்பை இறக்க முடியாது. உண்மையான சரிவுக்கு மேலே பொய்ச் சரிவுகளும் உண்டு, ஆட்டோபைலட் அதில் ஒன்றைப் பிடித்துவிடலாம். ஒரு சுற்று சுற்றி வரக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, விமானிகள் அன்றாடம் கேட்கிறார்கள்.

ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் இன்னொரு கணக்கும் சேரும். அது 5,558 அடி உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிது, அதனால் கருவியில் அதே 140 நாட் காட்டினாலும் வெயில் நாளில் தரைவேகம் 155ஐத் தொடும். தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் தேவையான இறக்க வேகம் கிடைக்கும்: டர்பனில் நிமிடத்துக்கு 700 அடி, அங்கே 775. டர்பனில் பழகிய கை அங்கே சரிவுக்கு மேலேயே மிதக்கும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. ஆட்-ஆன் ஓடும்போது சிமுலேட்டரின் சொந்தக் கன்ட்ரோலரை அணைத்துவிடுங்கள், மற்ற விமானங்களையும் ஒரே இடத்திலிருந்து மட்டும் வரவிடுங்கள். லோக்கலைசரைப் (ரன்வேயின் நடுக்கோட்டைக் காட்டும் ஐ.எல்.எஸ். அலை) பிடிக்கும் முன் திசைகாட்டி ஜி.பி.எஸ்.ஸிலிருந்து நாவ் ஒன்றுக்கு (முதல் வழிகாட்டு ரேடியோ) மாறியிருக்கிறதா என்று பாருங்கள், அலைவரிசையைப் போட்டபின் அதன் மோர்ஸ் அடையாளத்தைக் கேளுங்கள். அனுமதி கிடைத்து, வெட்டும் கோணம் 30 பாகைக்குள் வந்த பிறகே ஆட்டோபைலட்டின் அப்ரோச் பொத்தானை அழுத்துங்கள். குரலில் பேசும் ஆட்-ஆன் என்றால் எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள். நம் டர்பன் ஆங்கிலத்தின் வேகத்துக்கு அது தடுமாறும். உயரம், திசை, ரன்வே, க்யூ.என்.எச். இவற்றைத் திருப்பிச் சொல்லாமல் வெறும் "ரோஜர்" போதாது.

கடைசியாக, ரன்வே மாற்றம். நம் கடலோரத்தில் வடகிழக்குக் காற்று வீசிக்கொண்டே இருந்து, சட்டென்று தென்மேற்காகத் திரும்பிவிடும். 06க்கு வந்துகொண்டிருக்கும்போது அதுவரை பேசாமல் இருந்த ஆட்-ஆன், அதே ரன்வேயின் எதிர்முனையான 24 என்று சொல்லும். அந்த நேரத்தில் ஒரு கையால் எஃப்.எம்.சி.யை மாற்றிக்கொண்டே இறங்குகிறவர்கள் அலைவரிசையையோ, கோர்ஸையோ, இறங்க முடியாவிட்டால் மறுமுறை மேலேறும் உயரத்தையோ பழையபடியே விட்டுவிடுவார்கள். இறக்கத்தை நிறுத்தி, ஹோல்டிங் (ஒரே இடத்தில் சுற்றிக் காத்திருப்பது) கேட்டு, இரண்டு சுற்றில் 24இன் சார்ட்டை முழுசாக வாசியுங்கள். மறுமுறை மேலேறும் வழியிலிருந்தே வாசிக்கத் தொடங்குங்கள். அவசரத்தில் தேவைப்படுவது அதுதான், அப்போது வாசிக்க நேரம் இருக்காது.