தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாடத் தேர்வும் மாணவ வாழ்க்கையும்: சில வழிகாட்டுதல்கள்

தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவருக்குத் தரப்படும் காகிதங்களில் பலரும் புரட்டிப் பார்க்காமலே வைத்துவிடுவது பாடத்திட்டக் கையேடு. பிற்காலத்தில் எந்தத் துறைக்குள் எளிதாக நுழைய முடியும், எதற்குள் நுழைய முடியாமற்போகும் என்பது பெருமளவுக்கு அதிலேயே எழுதியிருக்கிறது. இறுதியாண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் முடிவுகளில் பாதி, மாணவர் அறியாமலே இரண்டாம் ஆண்டில் எடுக்கப்பட்டுவிடுகின்றன.

கையேட்டைக் கடைசிப் பருவத்திலிருந்து முதற்பருவத்தை நோக்கிப் படிப்பது நல்லது. இறுதியாண்டு விருப்பப் பாடங்களில் உங்களை ஈர்ப்பவற்றைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் முன்தேவையாகச் சொல்லப்பட்டுள்ள பாடங்களை அம்புக்குறியிட்டு ஒரே தாளில் வரைந்துபாருங்கள். ரோபாட்டிக்ஸ் படிக்க விரும்பினால் கட்டுப்பாட்டு அமைப்புகள் பாடம் வேண்டியிருக்கும். அதற்கு ‘சிக்னல்களும் அமைப்புகளும்’ என்ற பாடம். அதற்கு வகைக்கெழுச் சமன்பாடுகளும் லாப்லாஸ் உருமாற்றமும். அவையோ முதல் மூன்று பருவங்களின் கணிதத்தில் ஒளிந்திருக்கும். எதற்குப் பயன்படும் என்று தெரியாமல் சலிப்போடு கடக்கும் கணிதத் தாள் ஒன்று, உண்மையில் மூன்று நான்கு பாடங்களைத் தாங்கி நிற்கிறது. பல பாடங்கள் ஆண்டுக்கு ஒரு முறையே நடத்தப்படுவதால், சங்கிலியின் நடுவே ஒன்றில் அரியர் விழுந்தால் இழப்பு ஒரு பருவமன்று, முழு ஓராண்டு. வரைந்த தாளைத் துறையின் கல்வி ஆலோசகரிடம் முதலாண்டிலேயே காட்டுங்கள். வெறுங்கையோடு சென்று ‘என்ன படிக்கலாம்?’ என்று கேட்பவரைவிட, தாளோடு செல்பவருக்குப் பயனுள்ள விடை கிடைக்கும்.

மதிப்பெண் சராசரியைப் பற்றி இரண்டு விதமான மயக்கங்கள் உலவுகின்றன. அதுவே எல்லாம் என்பது ஒன்று, அது ஒன்றுமே இல்லை என்பது மற்றொன்று. எது எப்படியானாலும் அதன் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் எடையைக் குறிக்கும் அலகான கிரெடிட் உண்டு; பட்டத்துக்கு மொத்தம் 160 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டின் 40 கிரெடிட்டில் 10-க்கு 6.5 சராசரி பெற்ற மாணவர் 8.0 சராசரியோடு வெளியேற, மீதமுள்ள 120 கிரெடிட்டில் 8.5 எடுத்தால் போதும். கடினம்தான், ஆனால் முடியும். அவரே இரண்டாம் ஆண்டு முடிவுவரை அதே 6.5-இல் நின்றால், எஞ்சிய 80 கிரெடிட்டில் 9.5 எடுத்தாக வேண்டும். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களும் மேற்படிப்புச் சேர்க்கைகளும் குறைந்தபட்ச வரம்பு ஒன்றை வைத்துத்தான் முதல் வடிகட்டலைச் செய்கின்றன. அந்த வரம்பைத் தாண்டிய பிறகு, கூடுதலான அரைப் புள்ளியைவிட நீங்கள் கட்டிமுடித்த ஒரு கருவியோ நிரலோ அதிகம் பேசும்.

வாராந்திர உழைப்பைத் திட்டமிடவும் கிரெடிட்டே அளவுகோல். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் முழு ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, ஆய்வகம், சொந்தப் படிப்பு அனைத்தும் சேர்ந்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அதாவது வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரம் பாடத்தின் ஒரு பகுதி மட்டுமே என்று அந்த முறை வெளிப்படையாகச் சொல்கிறது.

ஆய்வகத்தை ரெக்கார்டு நோட்டு நிரப்பும் சடங்காகக் கருதுவோர் தாங்களே ஏமாறுகிறார்கள். எதிர்பார்த்த அளவீடு வராதபோது எண்ணைத் திருத்தி எழுதுவது எளிது. ஏன் வரவில்லை என்று பார்த்தால் தளர்ந்த ஒயரோ, அளவியின் தவறான வீச்சோ, பொதுத்தரை (கிரவுண்ட்) இணைக்கப்படாத மின்சுற்றோ தென்படும். இப்படிப் பிழையைத் தேடிப் பிடிக்கும் பழக்கத்தைத்தான் பின்னாளில் வேலை கொடுப்பவர் கேட்கிறார். நிரல் எழுதும் பாடங்களிலும் இதே கதைதான். நண்பரின் நிரலில் மாறிகளின் பெயர்களை மாற்றினால் தப்பிவிடலாம் என்று நம்புவோர் இன்றும் இருக்கிறார்கள். பெயர்களைப் பொருட்படுத்தாமல் நிரலின் கட்டமைப்பை ஒப்பிடும் மாஸ் என்ற மென்பொருள் 1994 முதல் பல்கலைக்கழகங்களில் புழங்குகிறது.

படிப்புக்கு வெளியே மன்றங்கள் பல உறுப்பினர்களைத் தேடும். ஐந்தில் பெயர் கொடுப்பதைவிட, ஏதேனும் ஒரு பொருளை உண்மையிலேயே செய்து முடிக்கும் ஓர் அணியில் இரண்டாண்டு நிலைத்திருப்பது மேல். மாணவர் பந்தயக் கார் அணிகளில் இயந்திரவியல், மின்னியல், கணினித் துறை மாணவர்கள் ஒரே கெடுவுக்குள் சேர்ந்து உழைக்க நேர்கிறது. எந்த வகுப்பறையும் அதைக் கற்றுத்தருவதில்லை. தூக்கத்தைத் தியாகம் செய்வதைப் பெருமையாகப் பேசும் விடுதிப் பழக்கத்தை மட்டும் தொற்றிக்கொள்ள விடாதீர்கள். தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் வகுப்புக்குப் போக மனமே வரவில்லை என்றால், அதைச் சோம்பல் என்று தீர்மானித்துவிடாமல் வளாகத்தின் உளவள ஆலோசகரைச் சந்தியுங்கள். தேர்வு முடிவு வந்தபின் செல்வதைவிட முன்பே செல்வதால் பாடப்பதிவைக் குறைத்துக்கொள்ளும் வழியும் கைவசம் இருக்கும்.

தொழிலகத்தில் வேலை செய்துகொண்டே படிக்கும் கூட்டுறவுக் கல்வியை 1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகம் தொடங்கியது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் அந்த முறையை அடித்தளமாகக் கொண்டே எழுந்தது. உங்கள் பல்கலைக்கழகத்தில் அத்தகைய ஏற்பாடு இருந்தால் பட்டம் ஓராண்டு தள்ளிப்போனாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. இல்லாவிட்டால் இரண்டாம் ஆண்டு விடுமுறையிலிருந்தே இன்டர்ன்ஷிப் தேடுங்கள். ஆராய்ச்சி உங்களுக்குப் பிடிக்குமா என்பதையும் பட்டம் பெறுமுன் சோதித்துவிடுவது நல்லது, ஏனெனில் பாடங்களை மையமாகக் கொண்ட முதுநிலையும் ஆய்வேட்டை மையமாகக் கொண்ட முதுநிலையும் வேறு வேறு உழைப்பைக் கோருபவை; முன்னது வேலைக்கும், பின்னது முனைவர் படிப்புக்கும் பொருந்தும்.

வெளிநாட்டில் பொறியாளராகப் பதிவுபெறும் எண்ணம் இருந்தால், 1989-இல் கையெழுத்தான வாஷிங்டன் உடன்படிக்கையை அறிந்திருக்க வேண்டும். உறுப்பு நாடுகள் ஒன்றின் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்தை மற்றவை இணையாக ஏற்க அது வழிசெய்கிறது. இந்தியா 2014-இல் முழு உறுப்பினரானது. அங்கீகாரம் பல்கலைக்கழகத்தின் பெயருக்கன்று, தனித்தனிப் பட்டப்படிப்புக்கே வழங்கப்படுகிறது. ஆகவே உங்கள் படிப்பு எந்த ஆண்டுமுதல் எந்த ஆண்டுவரை அங்கீகாரம் பெற்றுள்ளது என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்காகப் பேராசிரியரை அணுகும்போது ‘உங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம்’ என்று பத்துப் பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பாதீர்கள். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் உங்களுக்குப் புரியாத ஓரிடத்தை ஒரு வரியில் கேட்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும், தொடர்புள்ள எந்தப் பாடங்களை முடித்திருக்கிறீர்கள் என்பதை இன்னும் இரண்டு வரிகளில் எழுதுங்கள். விடை வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் வராவிட்டால், அவருடைய ஆய்வகத்தில் பணியாற்றும் முனைவர் பட்ட மாணவரை நேரில் சென்று பாருங்கள். உதவிக்கு ஆள் தேவைப்படுவது பெரும்பாலும் அவருக்குத்தான்.