சின்னக் காரில் ட்ரெய்லர் இழுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பிரிட்டனில் வீடு மாறுகிறவர்கள், தோட்டம் போடுகிறவர்கள், கேம்பிங் கிளம்புகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் ஒரே யோசனை வரும். எதற்கு வேன் வாடகைக்கு எடுக்க வேண்டும், இருக்கிற யாரிஸுக்கோ ஃபியஸ்டாவுக்கோ பின்னால் ஒரு தகர ட்ரெய்லரை மாட்டிக்கொண்டால் போதாதா? நல்ல யோசனைதான். செலவும் குறைவு. ஆனால் எல்லோரும் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றித்தான்: ‘இந்த ஒரு லிட்டர் எஞ்சின் இழுக்குமா?’ பெரும்பாலும் இழுத்துவிடும். ஆயிரம் கிலோ சொச்சம் எடையுள்ள காரைப் பின்னால் வரும் பாரம் தள்ளாமலும் ஆட்டாமலும் பார்த்துக்கொள்வதும், நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துவதும்தான் கஷ்டம். அதைக் கெடுக்கும் தவறுகளில் முக்கால்வாசி, கார் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன.

லைசென்ஸைப் பார்த்து ஏமாறுவது

1997 ஜனவரி 1 முதல் கார் லைசென்ஸ் எடுத்தவர்கள், பெரிய ட்ரெய்லர் இழுக்கத் தனியாக ஓர் ஓட்டுநர் தேர்வில் தேற வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் அந்தத் தேர்வு இல்லை. சாதாரண கார் லைசென்ஸிலேயே 3,500 கிலோ வரை இழுக்கலாம். இதைக் கேட்டுவிட்டு ‘அப்போ நமக்குக் கவலையில்லை’ என்று இறங்கிவிடுகிறார்கள். 3,500 என்பது உங்களுக்கான அனுமதி. உங்கள் காருக்கான அனுமதி காரிலேயே ஒரு தகட்டில் அச்சடித்திருக்கிறது. பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் தெரியும்; சில கார்களில் பானெட்டுக்கு அடியில் இருக்கும்.

அந்தத் தகட்டில் மேலிருந்து கீழாக நான்கு எண்கள் இருக்கும். முதலாவது, ஆட்களும் சாமானும் ஏற்றிய காரின் உச்ச எடை. இரண்டாவது, காரும் ட்ரெய்லரும் சேர்ந்த உச்ச எடை. மூன்றாவதும் நான்காவதும் முன் அச்சும் பின் அச்சும் தாங்கும் அளவுகள். முதல் எண் 1,550, இரண்டாவது 2,000 என்றால், முழுப் பாரத்தோடு இருக்கும் கார் 450 கிலோ இழுக்கலாம். இரண்டாவது எண்ணே இல்லை, அல்லது அதுவும் முதல் எண்ணும் ஒன்றுதான் என்றால், அந்தக் கார் ட்ரெய்லர் இழுப்பதற்கு அனுமதிக்கப்படவில்லை. பேச்சு அதோடு முடிந்தது.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் டோ பார் (ட்ரெய்லரை மாட்டும் பந்தோடு காரின் பின்னால் இருக்கும் இரும்புக் கம்பி) ஏற்கெனவே இருக்கிறது, அதனால் இழுக்கலாம் என்று நினைப்பது இதைவிட ஆபத்தானது. சைக்கிள் ஸ்டாண்ட் மாட்டுவதற்கு மட்டும் என்றே விற்கப்படும் டோ பார்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். தகட்டையும் காரின் கையேட்டையும் பார்க்காமல் பந்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சாமானோடு சேர்ந்த அதன் எடை காரின் சொந்த எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. எவ்வளவு பெரிய காராக இருந்தாலும் 750 கிலோவைத் தாண்டக் கூடாது. கார் 1,050 கிலோ என்றால் பாதி 525. ஆனால் கையேடு 450 என்று சொன்னால் 450-தான். எப்போதும் இருப்பதிலேயே சின்ன எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணளவில் பாரம் ஏற்றுவது

ஒரு மீட்டர் இருபது நீளம், தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம், முப்பத்தைந்து உயரம். கடையில் பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும் ட்ரெய்லர் அது. அதன் கொள்ளளவு 0.38 கன மீட்டர். தோட்டத்து ஈர மண் ஒரு கன மீட்டர் 1,500 கிலோவுக்குக் குறையாது. விளிம்பு வரை மண்ணை நிரப்பினால் மண் மட்டுமே 570 கிலோ, ட்ரெய்லரின் சொந்த எடை தனி. இன்னும் கொஞ்சம் போடலாம் என்று கண் சொல்லும். கார் எப்போதோ தன் வரம்பைத் தாண்டியிருக்கும்.

சோஃபா, மெத்தை, காய்ந்த இலைதழை இதெல்லாம் ஏற்றினால் எடை பிரச்சினை அநேகமாக வராது. மண், மணல், கல், ஈரமான புல்தரை ஆகியவற்றில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். அறுபது சென்டிமீட்டர் சதுரத்தில் ஐந்து சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு காங்கிரீட் பலகை 40 கிலோ வரும். பத்துப் பலகை போதும், 400 கிலோ. ஐந்தைந்தாக இரண்டு அடுக்கு வைத்தால் கால் மீட்டர் உயரம்தான், பாதிப் பெட்டி காலியாகத்தான் தெரியும். பாரப் பொருள் என்றால் இரண்டு நடையாகப் போய் வாருங்கள்.

காரில் நான்கு பேர், டிக்கி நிறையப் பெட்டிகள், பின்னால் முழு ட்ரெய்லர் என்று கிளம்புவதும் இதே வகைதான். மொத்த எடைக்குள் எல்லாம் அடங்க வேண்டும்.

முன்பக்கம் எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்காதது

எனக்குத் தெரிந்து இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ட்ரெய்லரின் முன்முனை காரின் டோ பந்து மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடையை நோஸ் வெயிட் என்பார்கள். பிரிட்டனில் சொல்லப்படும் அளவு, சாமானோடு சேர்ந்த ட்ரெய்லர் எடையில் 5 முதல் 7 சதவீதம். 450 கிலோ ட்ரெய்லருக்கு 22 முதல் 32 கிலோ.

இது குறைந்தால், அதாவது பாரம் பின்பக்கம் சாய்ந்திருந்தால், வேகம் கூடும்போது ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். முதலில் லேசாக, அப்புறம் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாக. கனமான லாரி ஒன்று முந்திப் போகும் காற்றே அதைத் தொடங்கி வைக்கப் போதும். சின்னக் கார் எடை குறைந்தது, அதன் இரு அச்சுகளுக்கும் இடையே தூரமும் குறைவு. அதனால் பின்னால் ஆடுவது காரையும் சேர்த்து ஆட்டுகிறது.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் முன்னால் தள்ளி வைத்துவிடலாமா? அதுவும் கூடாது. பந்து பின்சக்கரத்துக்கு வெகு பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. சீசா பலகையின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்புவது போல, அங்கே அழுத்தும் எடை காரின் முன்பக்கத்தைத் தூக்குகிறது. பின் அச்சிலிருந்து பந்து 90 சென்டிமீட்டர் தள்ளி, அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தில் 50 கிலோ வைத்தால் முன் அச்சிலிருந்து 18 கிலோ குறைந்து, பின் அச்சில் 68 கிலோ கூடும். சின்னக் கார்கள் ஏறக்குறைய எல்லாமே முன்சக்கரத்தால் ஓடுபவை. ஸ்டியரிங், இழுவை, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாம் முன்னால்தான். அங்கே எடை குறைந்தால் ஈரச் சாலையில் மேடேறும்போது சக்கரம் சும்மா சுற்றும், திருப்பினால் மெதுவாகத் திரும்பும். இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். டாஷ்போர்டில் விளக்கின் உயரத்தை இறக்கும் சின்ன சக்கரம் ஒன்று இருக்கும். பாரம் ஏற்றியதும் அதைத் திருப்பிவிடுங்கள்.

டோ பாரின் தகட்டில் எஸ் என்ற எழுத்தோடு ஓர் எண் இருக்கும், பந்து தாங்கும் உச்ச எடை அது. சின்னக் கார்களில் பெரும்பாலும் 50 அல்லது 75 கிலோ. இணையத்தில் அமெரிக்க அறிவுரைகளைப் படித்துவிட்டு 10 முதல் 15 சதவீதம் வைப்பவர்கள் இந்த வரம்பை எளிதாகத் தாண்டிவிடுவார்கள். அங்கே கார், கொக்கி, ஓடும் வேகம் எல்லாமே வேறு. ஐரோப்பாவில் ஜாஸ் என்று விற்ற காருக்கு ஹோண்டா இழுவை வரம்பு கொடுத்தது. அதே காரை ஃபிட் என்று விற்ற அமெரிக்காவில், ட்ரெய்லர் இழுப்பதற்கு வடிவமைக்கப்பட்டதல்ல என்று கையேட்டில் எழுதியது. எந்த நாட்டில் ஓட்டுகிறீர்களோ அந்த நாட்டுக் கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அளப்பது சுலபம். குளியலறையில் எடை பார்க்கும் மெஷின் ஒன்றைச் சமதரையில் வையுங்கள். ட்ரெய்லர் மட்டமாக நிற்கும் உயரத்துக்கு ஒரு கட்டையை வெட்டி மெஷின் மேல் நிறுத்தி, கப்ளிங்கை, அதாவது பந்து மேல் உட்காரும் ட்ரெய்லரின் முன்முனையை, அந்தக் கட்டையின் மேல் இறக்குங்கள். சக்கரங்களுக்கு முட்டுக்கொடுக்க மறக்க வேண்டாம். 40 கிலோ காட்டுகிறதா, ஒரு பெட்டியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்துங்கள். 10 காட்டுகிறதா, முன்னால் நகர்த்துங்கள். கனமானவை சக்கர அச்சுக்கு நேர் மேலே, தாழ்வாக இருக்கட்டும். அப்புறம் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். வழியில் ஒரு பிரேக்கில் பெட்டி நகர்ந்தால் அளந்ததெல்லாம் வீண்.

காரிலிருந்து கழற்றிய ட்ரெய்லரில் முன்பக்கச் சாமானை முதலில் இறக்கினால், ட்ரெய்லர் பின்பக்கமாகச் சாய்ந்துவிடும். மாட்டிய நிலையிலேயே இறக்குவது நல்லது.

மாட்டியாயிற்று என்று நம்புவது

கப்ளிங் பந்து மேல் உட்கார்ந்து ‘டக்’ என்று சத்தம் வந்தால் பூட்டிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பூட்டாமலும் அந்தச் சத்தம் வரும். ட்ரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் சின்னச் சக்கரமான ஜாக்கி வீலை மறுபடி கீழ்நோக்கிச் சுற்றிப் பாருங்கள்: சரியாகப் பூட்டியிருந்தால் காரின் பின்பக்கமே கொஞ்சம் மேலே எழும்பும். கப்ளிங் மட்டும் பந்தை விட்டு மேலே வந்தால் பூட்டவில்லை. சோதித்த பிறகு ஜாக்கி வீலை முழுக்கத் தூக்கி இறுக்குங்கள். அதைத் தரையில் இழுத்துக்கொண்டே போகிறவர்களும் உண்டு.

பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு ஒரு சங்கிலியோ கம்பியோ கண்டிப்பாக வேண்டும். கப்ளிங் கழன்றால் முன்முனை சாலையில் குத்தாத அளவுக்கு அது குட்டையாகவும், திருப்பத்தில் இறுகாத அளவுக்கு நீளமாகவும் இருக்க வேண்டும். பிரேக் உள்ள ட்ரெய்லரில் இருப்பது வேறு: பிரிந்துபோனால் பிரேக்கை இழுத்துவிடும் மெல்லிய கம்பி. அதை டோ பாரில் அதற்கென்று இருக்கும் வளையத்தில் மாட்டுங்கள்.

விளக்குகளை இன்னொருவரைப் பின்னால் நிறுத்திச் சரிபாருங்கள்: இண்டிகேட்டர் இரண்டும், பிரேக், பின்விளக்கு. காரின் நம்பர் ட்ரெய்லரிலும் இருக்க வேண்டும்.

காரை மட்டும் ஓட்டுவது போல் ஓட்டுவது

ட்ரெய்லரோடு போகும்போது பிரிட்டனில் வேக வரம்பு வேறு. நடுவில் தடுப்பு இல்லாத சாதாரணச் சாலையில் மணிக்கு 50 மைல், மோட்டார்வேயிலும் நடுவில் தடுப்புள்ள இருபிரிவுச் சாலையிலும் 60. மூன்று லேனோ அதற்கு மேலோ உள்ள மோட்டார்வேயில் வலது ஓர லேனுக்குப் போகவே கூடாது. இதெல்லாம் உச்ச வரம்பு மட்டும்தான். 60-இல் போகும் வண்டியை நிறுத்த பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல், 50-இல் போவதைவிட 44 சதவீதம் அதிகம். ட்ரெய்லரில் பிரேக் இல்லையென்றால் அத்தனையும் அந்தச் சின்னக் காரின் பிரேக்குகள் தலையில்தான் விழும். முன்னால் போகும் வண்டிக்கு வழக்கமாக விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள்.

ட்ரெய்லர் ஆடத் தொடங்கினால் கை தானாக எதிர்த்துத் திருப்பும், கால் தானாக பிரேக்குக்குப் போகும். இரண்டும் கெடுதல். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள். ஆட்டம் அடங்கியதும் பத்திரமான இடத்தில் நிறுத்தி, பாரத்தை மாற்றி அடுக்குங்கள். வேகத்தைக் குறைத்ததும் சரியாகிவிட்டது என்று அப்படியே பயணத்தைத் தொடர்வது சரியல்ல. காரணம் இன்னும் ட்ரெய்லருக்குள்தான் இருக்கிறது.

மலைச்சாலையில் வழியைத் தேர்ந்தெடுப்பதும் ஓட்டுவதில் ஒரு பகுதி. காரின் இழுவை வரம்பு, 12 சதவீத ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து கிளம்ப முடிகிறதா என்பதை வைத்து முடிவாவது. சாமர்செட்டில் போர்லாக் மலைச் சாலை நான்குக்கு ஒன்று, அதாவது 25 சதவீத ஏற்றம். அங்கே நடுவில் நின்றுவிட்டால் கிளட்ச் புகைந்துவிடும். பக்கத்திலேயே மெதுவாக ஏறும் கட்டணச் சாலை இருக்கிறது. சில பவுண்டுகளைக் கொடுத்து அதில் போங்கள். யார்க்‌ஷயரின் சட்டன் பேங்க் சாலையில் கேரவன்களுக்கே தடை. ஆனால் வழிகாட்டும் சாட்-நாவுக்கு உங்கள் பின்னால் ட்ரெய்லர் இருப்பது தெரியாது. இறக்கத்தில் சின்ன கியரில் இறங்குங்கள்; யாரிஸ் ஹைபிரிட் போன்றவற்றில் அதற்கு பி என்ற நிலை உண்டு.

ரிவர்ஸ் எடுப்பதில் சின்ன ட்ரெய்லர்தான் பெரியதைவிடக் கடினம். பந்துக்கும் சக்கரத்துக்கும் தூரம் குறைவு என்பதால் சட்டென்று மடங்கிவிடும். நேராக இருக்கும்போது எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. தெரியும்போது ஏற்கெனவே மடங்கியிருக்கும். பின்மூலைகளில் இரண்டு குச்சிகளை உயரமாகக் கட்டிவையுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால், கை போகும் பக்கமே ட்ரெய்லரின் பின்பக்கமும் போகும். இதோடு அரை மணி நேரம் போராடுவதைவிட, காலி ட்ரெய்லரைக் கழற்றிக் கையால் தள்ளிவிடுவது மேல்.

சக்கரங்களை மறந்துவிடுவது

ட்ரெய்லர் வருடத்தில் பத்து மாதம் சும்மா நிற்கும். டயரின் பட்டன் தேயாமல் புதிதாகவே இருக்கும், பக்கவாட்டு ரப்பர் மட்டும் வெயிலில் வெடித்திருக்கும். தேயவில்லையே என்று பார்ப்பவர்கள் அந்த வெடிப்பைப் பார்ப்பதில்லை. எட்டு, பத்து அங்குலச் சின்னச் சக்கரம் காரின் சக்கரத்தைவிட வேகமாகச் சுழல்கிறது, பேரிங்கும் அதற்கேற்பச் சூடாகிறது. கிளம்பி முப்பது மைல் போனதும் நிறுத்தி, வீல் நட்டுகளை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். இரண்டு சக்கரங்களின் நடுப்பகுதியின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். இரண்டும் லேசான வெதுவெதுப்பில் இருந்தால் தொடரலாம். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் அந்தப் பேரிங் போய்விட்டது; அதோடு வீடு வரை ஓட்டிக்கொண்டு போக நினைக்காமல் பிரேக்டவுன் சேவையைக் கூப்பிடுங்கள்.