ஸ்பானியக் கோட்டோவியத்தின் ஊரைக் கண்டறிவது எப்படி?

பழைய ஸ்பானியக் கோட்டோவியமோ அச்சோவியமோ எந்த வட்டாரத்தைச் சேர்ந்தது என்று அறிய, ஓவியர் பிறந்த ஊரைத் தேடிப் போவதே பலரின் வழக்கம். அதை முதலில் விட்டுவிடுங்கள். ஓவியர் ஹுசெப்பே டி ரிபேரா 1591-இல் வலென்சியா நாட்டின் ஷாத்திவாவில் பிறந்தவர். ஆனால் அவருடைய அச்சோவியங்களும், செங்காவிக் கட்டியால் வரைந்த தாள்களும் இத்தாலியில், அதிலும் பெரும்பாலும் அன்று ஸ்பானிய ஆட்சியில் இருந்த நேப்பிள்ஸில் உருவானவை. இன்னொரு ஓவியரான அலோன்சோ கானோவோ கிரனாடாவில் பிறந்து, செவில்லிலும் மாட்ரிட்டிலும் தொழில் செய்து, 1652-இல் கிரனாடாவுக்கே திரும்பியவர். தாளின் அடியில் காணும் பெயரையும் உடனே நம்ப வேண்டாம். பிற்காலச் சேகரிப்பாளர் எழுதிவைத்ததாகவும் அது இருக்கலாம்.

அடுத்து, அந்தத் தாள் யாருக்காக வரையப்பட்டது என்று கேளுங்கள். 1561-இல் ஸ்பானிய அரசவை மாட்ரிட்டுக்கு வந்ததும், எஸ்கோரியல் மடாலய அரண்மனையை அலங்கரிக்க இத்தாலிய ஓவியர்கள் வரவழைக்கப்பட்டதும் அங்கே வரைதலை முறையான ஆயத்த வேலையாக்கின. ஃபிளாரன்சிலிருந்து சிறுவனாக வந்த விசென்தே கார்துச்சோ, எல் பவுலார் மடத்துக்காக 1626-இல் ஒப்புக்கொண்ட 50-க்கும் மேற்பட்ட பெரிய ஓவியங்களுக்கு முன்வரைவுகள் தீட்டினார். இத்தகைய வரைவின்மேல் சதுரக் கட்டங்கள் தெரிந்தால், அதைத் துணியில் பெரிதாக்கத் திட்டமிட்டார்கள் என்று பொருள். செவில்லின் கதை வேறு. அங்கே திருச்சபையும் வணிகரும் புரவலர்கள். ஓவியர்களான முரில்யோவும் இளைய எர்ரேராவும் 1660-இல் வணிகர் மாளிகையில் தொடங்கிய கழகத்தில், ஓவியர்களே கூடி, எதிரே நிற்கும் ஆளைப் பார்த்து வரைந்து பழகினார்கள்.

செப்புத் தகட்டில் கோடுகளைப் பதித்து, மையிட்டுத் தாளில் எடுத்த அச்சோவியமானால் உருப்பெருக்கி இல்லாமல் பயனில்லை. உளியால் செதுக்கிய கோடு நடுவில் தடித்து நுனியில் ஊசிபோல் கூர்மையாகும். அமிலம் அரித்த கோட்டின் முனை பெரும்பாலும் மழுங்கியிருக்கும். ஸ்பானிய ஓவியர் கோயாவின் 'காப்ரிச்சோஸ்' (1799, 80 தகடுகள்) அச்சோவிய வரிசையில் இருண்ட பின்னணியைக் கூர்ந்து பாருங்கள்: சாம்பல் நிறப் பரப்பெங்கும் வெள்ளைப் பொட்டுகள் தெரியும். தகட்டில் தூவிச் சூடாக்கிய பிசின் துகள் ஒட்டிய இடங்களை அமிலம் தொடாததால் வந்த பொட்டுகள் அவை. அக்வாடிண்ட் எனப்படும் முறை இதுதான்.

தகட்டின் காலமும் தாளின் காலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் கவனியுங்கள். 1810-இல் கோயா தொடங்கிய 'போரின் பேரழிவுகள்' அச்சோவிய வரிசை தொகுதியாக வெளிவந்தது 1863-இல்தான். அவர் இறந்து அப்போது 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய 1825-இன் காளைப்போர்ப் படங்களிலோ செப்புத் தகட்டின் ஓரம் அழுந்திய பள்ளம் இராது. அவை கல்லில் வரைந்து அச்சிட்டவை. ஸ்பெயினுக்கே உரிய அந்தக் காட்சி அச்சேறிய ஊர் பிரான்சின் போர்தோ.